தெளிப்பு வண்டியின் பம்புக்கு யார் பொறுப்பு?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்தால் சேக்காட்டில் இரண்டு கோரிக்கைகள் எழும். காலிமனையில் மண்டிய புதரை அகற்றுங்கள் என்பது ஒன்று. கொசு மருந்து அடியுங்கள் என்பது இன்னொன்று. ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் இடையில் ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த எல்லா நகர்களுக்கும் இது பொருந்தும். வீடு கட்டாமல் கிடக்கும் மனைகளில் பார்த்தீனியம் இடுப்பளவு நிற்கும். வடிகால் ஓரத்தில் கோரை அடைத்துக்கொள்ளும். பாம்பு வந்தது என்று யாராவது சொன்னால் கோரிக்கை புகாராக மாறும். புகார் போனதும் ஒரு நாள் காலையில் வண்டி வரும். சிறிய சரக்கு வண்டி, முதுகில் ஒரு பிளாஸ்டிக் டேங்க், பக்கத்தில் பம்பு, சுருட்டி வைத்த ஹோஸ், முனையில் கன். வண்டி வந்துவிட்டது என்பதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. அந்தப் பம்பு ஒழுங்காக ஓடுகிறதா, டேங்கில் கலந்தது சரியான அளவில் தரையில் விழுகிறதா என்று கேட்பவர் இல்லை.

இந்தக் கேள்வியைப் பொதுக் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இங்கே நாம் வைக்கும் வாதம். களைக்கொல்லியோ, கொசுப்புழு மருந்தோ, எதுவானாலும் அது நஞ்சு. நஞ்சு மருந்தாக இருப்பதும் கேடாக மாறுவதும் அளவைப் பொறுத்தது. சிட்டையில் எழுதிய அளவை, டேங்கில் ஊற்றிய அளவை, கடைசியில் தரைக்குக் கொண்டு சேர்ப்பது அந்தப் பம்புதான். பம்பு தளர்ந்தால் ஒரு தெருவுக்குப் பாதி மருந்து போகும், களை சாகாது, கொசுப்புழு சாகாது. நாசில் தேய்ந்தால் அடுத்த தெருவுக்கு ஒன்றேகால் மடங்கு போகும், வேலியோரத்து முருங்கையும் கறிவேப்பிலையும் சேர்ந்து வாடும். இரண்டுக்கும் கணக்கில் ஒரே வரிதான் எழுதப்படும்: மருந்து தெளிக்கப்பட்டது.

கருவி பழுதானால் முதலில் பாதிக்கப்படுவது அதைக் கையில் பிடித்திருப்பவர் என்பதையும் மறக்கக் கூடாது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக் காட்டில் பூச்சிமருந்து தெளித்தவர்கள் வரிசையாக மருத்துவமனைக்குப் போனார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயரமாக வளர்ந்த செடி, கலப்பு மருந்துகள், பாதுகாப்பு உடை இல்லாமை, கருவியின் தன்மை என்று பல காரணங்கள் அப்போது பேசப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளிகள், சிறு விவசாயிகள். யவத்மால் எங்கோ இருக்கிறது, நம் தெருவில் அடிப்பது அவ்வளவு கொடிய மருந்து இல்லை என்று சொல்லலாம். ஆனால் இணைப்பில் கசியும் ஹோஸ், தோளில் வழியும் திரவம், அடைத்த நாசிலை வாயால் ஊதிச் சரிசெய்யும் பழக்கம் ஆகியவை எல்லா ஊருக்கும் பொது.

களைக்கொல்லி விஷயத்தில் சட்டம் ஏற்கெனவே ஒரு வரம்பு போட்டிருக்கிறது. 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்தான் களைக்கொல்லியும் வருகிறது. அதிகம் விற்கும் கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. இலங்கை 2015-ல் அதை முற்றாகத் தடை செய்து, பிறகு 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. நம் நாட்டு அறிவிக்கையின் பொருள், காலிமனைக்காரர் கடையில் ஒரு பாட்டில் வாங்கிவந்து, பக்கத்தில் நிற்கும் தொழிலாளியிடம் கொடுத்து அடிக்கச் சொல்வது சரியல்ல என்பதுதான். நம் நிலைப்பாடு தெளிவானது. கையால் பிடுங்க முடிந்த களையைப் பிடுங்குவோம், வெட்ட முடிந்ததை வெட்டுவோம், பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு எடுப்போம். ஏரியிலும் நீர்வரத்துக் கால்வாயிலும் களைக்கொல்லி அடிக்கவே கூடாது. ஆகாயத்தாமரையை அள்ளி எடுப்பது செலவான வேலைதான். ஆனால் மருந்தடித்து நீரிலேயே அழுகவிட்டால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து போகும், மீன் மிதக்கும். இவ்வளவு வடிகட்டிய பிறகும் தெளிக்க வேண்டிய இடங்கள் கொஞ்சம் மிஞ்சும். கொசுப்புழு மருந்து தெளிப்பதோ வருடம் முழுக்க நடக்கும் வேலை. அந்த வேலைக்கு ஓடும் பம்பு நல்ல நிலையில் இருந்தாக வேண்டும்.

பம்பு ஏன் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். இது மெக்கானிக்குக்கு மட்டும் உரிய சங்கதி என்று ஒதுக்குவதால்தான் பாதிப் பிரச்சினை.

வண்டிகளில் இரண்டு வகை பம்பு பொதுவாகக் காணப்படும். ஒன்று வண்டி பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் டயாபிராம் பம்பு. ரப்பர் சவ்வு ஒன்று முன்னும் பின்னும் அசைந்து திரவத்தை உறிஞ்சித் தள்ளும். கன்னை மூடியதும் அழுத்தம் ஏறி, பிரஷர் சுவிட்சு மோட்டாரை நிறுத்திவிடும். இன்னொன்று பெட்ரோல் என்ஜினோடு பெல்ட்டில் இணைத்த பிஸ்டன் பம்பு. நம் ஊரில் பவர் ஸ்பிரேயர் என்றாலே பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். அழுத்தம் அதிகம், வீச்சும் அதிகம். முதலாவதில் சவ்வும் வால்வும் சுவிட்சும் தேயும். இரண்டாவதில் பேக்கிங்கும் வால்வும் ஆயில் சீலும் தேயும். இரண்டிலும் எல்லாவற்றுக்கும் முன்னால் அடைப்பது பில்டர்.

பம்பு ஓடுகிறது, மருந்து வரவில்லை என்பது தெருவில் அடிக்கடி கேட்கும் புகார். உடனே பம்பு போச்சு என்று முடிவுகட்டி வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு வாளி சுத்தமான தண்ணீர் இருந்தால் அங்கேயே விடை கிடைக்கும். டேங்கிலிருந்து வரும் உறிஞ்சு குழாயைக் கையுறை போட்ட கையால் கழற்றி, அதற்குப் பதில் வேறொரு நல்ல குழாயை மாட்டி வாளியில் விட வேண்டும். இப்போது தண்ணீர் சீராக வந்தால் பம்பில் குறை இல்லை. டேங்கின் அடியிலுள்ள பில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பழைய குழாயில் கீறல் விழுந்து காற்று இழுக்கிறது, அல்லது வெயிலில் இளகிய குழாய் உறிஞ்சும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்கிறது. டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே கோளாறு வரும். மூடியைச் சற்றுத் தளர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். வாளியிலிருந்தும் வரவில்லை என்றால்தான் பம்பைத் திறக்க வேண்டும். திறந்தால் பல சமயம் வால்வில் காய்ந்துபோன மருந்துத் தூள் ஒட்டிக்கொண்டு அது மூடாமல் நிற்பதைக் காணலாம். போன முறை தெளித்து முடித்ததும் கழுவாததன் விளைவு அது.

மோட்டாரே ஓடவில்லை என்றால் முதலில் ப்யூஸ், அடுத்து பேட்டரி முனை, அதற்கடுத்து எர்த் வயர். முழு சார்ஜ் உள்ள பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். பம்பு ஓடும்போது பம்பின் முனையிலேயே மீட்டரை வைத்து அளக்க வேண்டும். அங்கே 11-க்குக் கீழே இறங்கினால், பேட்டரி நன்றாக இருந்தாலும் வயர் மெலிதாக இருக்கிறது அல்லது இணைப்பில் பச்சை பூத்திருக்கிறது என்று பொருள். குறைந்த வோல்டில் மோட்டார் திணறிச் சூடாகிக் கருகும். புது மோட்டார் வாங்கிப் போட்டாலும் அதே வயரில் அதுவும் கருகும். இதைக் கவனிக்காமல் மோட்டாரை மட்டும் மாற்றிக்கொண்டே போவது பொதுப் பணத்தை வீணாக்குவது.

மோட்டார் விட்டுவிட்டுத் துடிப்பது போல ஓடினால், பிரஷர் சுவிட்சு அமைப்பு மாறியிருக்கலாம், எங்காவது காற்று புகலாம், அல்லது பம்பு தள்ளும் அளவுக்கு நாசில் வாங்காமல் இருக்கலாம். பிஸ்டன் பம்பில் ஆயில் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் சீல் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அந்த நிலையில் இன்னொரு நாள் ஓட்டினால் பேரிங்கும் சேர்ந்து போகும். பேக்கிங் செட் விலைக்கும் முழுப் பம்பின் விலைக்கும் உள்ள தூரம் பெரிது. வாரம் ஒருமுறை அந்தச் சிறிய கண்ணாடியைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

அழுத்தம் குறைந்தால் ரெகுலேட்டரைத் திருகி ஏற்றுவது இன்னொரு பழக்கம். இங்கே ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நாசிலிலிருந்து வரும் அளவை இரண்டு மடங்காக்க அழுத்தத்தை நான்கு மடங்கு ஏற்ற வேண்டும். அவ்வளவு ஏற்றினால் ஹோஸ் தாங்காது. தாங்கினாலும் துளிகள் புகைபோல நுணுகி, காற்றில் மிதந்து பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்கும் கிணற்றுக்கும் போகும். அளவை மாற்ற நாசிலைத்தான் மாற்ற வேண்டும். களைக்கொல்லிக்குக் குறைந்த அழுத்தமும் பெரிய துளியும் உகந்தவை. மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் தெளிப்பதை நிறுத்திவைக்க வேண்டும். கடற்காற்று நம் பக்கம் பிற்பகலில் வந்து சேரும் என்பதால் விடிகாலை வேலைதான் சரி.

நாசில் என்பது சின்னப் பொருள், கையில் வைத்தால் எடை தெரியாது. ஆனால் அளவு முழுவதும் அதன் துளையில் இருக்கிறது. மணல் கலந்த தண்ணீரும் தூள் மருந்தும் ஓட ஓடத் துளை பெரிதாகும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு நிமிடம் அளவுக்குடுவையில் தண்ணீர் பிடித்துப் பார்த்தால் தெரியும். புதிய நாசிலைவிட 10 சதவீதம் கூடுதலாக வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அடைப்பு எடுக்க ஊசியும் கம்பியும் விடக் கூடாது, துளை சிதையும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். வாயால் ஊதுவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. கூடுதலாக நான்கு நாசில் வண்டியிலேயே வைத்திருந்தால் அந்த நிலையே வராது. அந்த நான்கு நாசிலை வாங்கித் தர வேண்டியவர், வாங்கித் தராமல் ஊதாதே என்று மட்டும் சொல்வது நியாயமாகாது.

அளவு சரியா என்று பார்க்க இன்னொரு எளிய வழி உண்டு. 10 மீட்டருக்கு 10 மீட்டர் தரையைக் கயிறு கட்டிக் குறித்துக்கொண்டு, வெறும் தண்ணீரை வழக்கமான நடையில் அடித்துப் பார்க்க வேண்டும். 5 லிட்டர் செலவானால் ஹெக்டேருக்கு 500 லிட்டர் கணக்கு. நம் ஊர்க் கணக்கில் ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு கிரவுண்ட் மனைக்கு 11 லிட்டர் கலவை போதும். அதே மனையில் டேங்க் பாதி காலியாகிறது என்றால் எங்கோ தவறு நடக்கிறது. இந்தச் சோதனைக்கு மருந்தும் தேவையில்லை, மெக்கானிக்கும் தேவையில்லை. குடியிருப்போர் சங்கத்தினர் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

கொரோனா காலம் இந்தக் கருவிகளுக்குப் பெரிய அடியாக விழுந்தது. 2020-ல் ஊர் ஊராகத் தெருக்களில் சோடியம் ஹைப்போகுளோரைட்டு அடித்தோம். கைக்குக் கிடைத்த எல்லாத் தெளிப்பான்களும் அதற்குப் போயின. திறந்த வெளியில் கிருமிநாசினி அடிப்பதை உலக சுகாதார நிறுவனம் அந்த மே மாதத்திலேயே பரிந்துரைக்கவில்லை என்று சொன்னது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஹைப்போகுளோரைட்டு உலோகத்தை அரிக்கும், பல வகை ரப்பரைக் கடினமாக்கிப் பிளக்கச் செய்யும். கழுவாமல் ஓரம் வைத்த பம்பு அடுத்த முறை எடுக்கும்போது இறுகிக் கிடக்கும். கிளைபோசேட்டுக்கும் ஒரு குணம் உண்டு. துத்தநாகம் பூசிய இரும்பிலும் பூச்சில்லாத இரும்பிலும் அதை வைத்தால் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகும். அது தீப்பிடிக்கக் கூடியது. பிளாஸ்டிக் டேங்கோ துருப்பிடிக்காத எஃகோதான் அதற்குப் பொருந்தும். எந்த டேங்கில் எதை ஊற்றலாம் என்பதை டேங்கின் மேலேயே பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைத்தால் பெயின்ட் செலவோடு முடிந்துவிடும்.

களைக்கொல்லிக்கு ஒரு டேங்க், கொசு மருந்துக்கு வேறு டேங்க் என்பதில் எந்தச் சமரசமும் கூடாது. 2,4-டி போன்ற களைக்கொல்லியின் மிச்சம் ஹோஸின் உட்சுவரில் கொஞ்சம் தங்கியிருந்தாலே தக்காளிச் செடி சுருண்டுவிடும். அதே வண்டி அடுத்த நாள் பூங்காச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போனால் செடிகள் ஏன் பட்டுப்போயின என்று யாருக்கும் புரியாது.

இனிக் கழுவும் தண்ணீருக்கு வருவோம். மூன்று முறை சுத்தமான தண்ணீர் ஊற்றி, பம்பை ஓடவிட்டு, ஹோஸும் கன்னும் வழியாக வெளியேற்ற வேண்டும். வெளியேற்றுவது எங்கே? அதே மருந்தடித்த தரையில்தான். மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது ஏரிக்கும் கூவத்துக்கும் போய்ச் சேரும். காலி மருந்து டப்பாவையும் அப்படியே மூன்று முறை அலசி, அந்த நீரை டேங்கிலேயே சேர்த்து, டப்பாவில் துளை போட்டுவிட வேண்டும். துளை போடாத டப்பா யார் வீட்டிலாவது எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ போய்ச் சேரும். இதற்கெல்லாம் அதிகம் போனால் கால் மணி நேரம் ஆகும். ஆனால் அந்தக் கால் மணி நேரமும் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை தெரு என்று இலக்கு கொடுத்து, கழுவும் நேரத்துக்கு இடமே விடாமல், ஏன் கழுவவில்லை என்று தொழிலாளியைக் கேட்பது முறையல்ல. கழுவுவதற்கு நல்ல தண்ணீர் எங்கே பிடிப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. கால்வாய்த் தண்ணீரை மொண்டு ஊற்றினால் பில்டர் அடைக்கும். கலங்கிய தண்ணீரில் கலந்தால் கிளைபோசேட் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போகும்.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால் இன்று கிடைக்கும் விடைகள் இவைதான். வண்டி வாங்கியது ஒருவர், ஒப்பந்தம் எடுத்தது இன்னொருவர், ஓட்டுபவர் தினக்கூலி, மருந்து வருவது வேறு பிரிவிலிருந்து, கையெழுத்துப் போடுபவர் களத்துக்கு வராதவர். ஒவ்வொருவரும் தம் பங்கைச் செய்ததாகவே சொல்வார்கள், சொல்வதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். எவருடைய பங்கிலும் பம்பு வருவதில்லை என்பதுதான் பிரச்சினை. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் பாதி சரியாகும்: உதிரிபாகம், வாரச் சோதனை, கழுவும் நேரம் ஆகியவை கட்டணத்தில் அடங்கும் என்று. கருவி வாங்கும் பட்டியலில் பம்போடு இரண்டு பேக்கிங் செட், ஒரு டயாபிராம், நாசில்கள், பில்டர்கள் சேர்த்தே வாங்கப்பட வேண்டும். குறைந்த விலைக்கு டெண்டர் எடுத்து, உதிரிபாகம் எங்குமே கிடைக்காத பம்பை வாங்குவது சிக்கனம் ஆகாது.

குடியிருப்போர் பக்கமும் திரும்ப வேண்டும். கொசுப் புகை அடிக்கும் வண்டி வரவில்லையே என்று கவுன்சிலரை நெருக்குகிறோம். புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், தண்ணீரில் கிடக்கும் புழுவைத் தொடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வரப் பத்து நாள் போதும் என்பதால், புகை அடங்கிய அடுத்த வாரமே புதுக் கொசு வந்துவிடும். புழு மருந்துதான் வேரை அறுப்பது. அதைக் கண்ணால் பார்க்க முடியாததால் நாம் கேட்பதில்லை. புகையை நாம் கேட்கக் கேட்கப் பணமும் ஆளும் புகைக்குப் போகிறது, புழு மருந்துப் பம்பு ஓரங்கட்டப்படுகிறது. அடுத்து, வடிகாலில் குப்பையும் பிளாஸ்டிக் பையும் போட்டுவிட்டு அதன் மேல் மருந்தடிக்கச் சொல்கிறோம். மருந்து பையின் மேல் நிற்கும், புழு பைக்குக் கீழே வாழும். எந்தப் பம்பும் இதைச் சரிசெய்யாது. காலிமனை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சேக்காட்டில் மனை வாங்கிவிட்டு வேறு ஊரில் இருப்பவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், ஆள் வைத்து வெட்டினால் களைக்கொல்லிக்குத் தேவையே இருக்காது.

குடியிருப்போர் செய்யக்கூடிய நேரடி உதவி ஒன்று உண்டு. வண்டி வரும் நாளில் தெருவில் ஒரு வீடு இரண்டு குடம் நல்ல தண்ணீரும் கை கழுவச் சோப்பும் தரலாம். தெளித்துவிட்டு வரும் மனிதர் குழாயடியில் நிற்கத் தயங்காதபடி அவரை அண்ணே என்று கூப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் தரலாம், அவர் கை கழுவிய பிறகு. அவருக்குத் தலைசுற்றலோ, வாயில் எச்சில் ஊறுவதோ, கண் சுருங்கி மங்குவதோ தெரிந்தால் ஓய்வெடுங்கள் என்று சொல்லி விட்டுவிடாமல் உடனே 108-ஐ அழைத்து, மருந்து டப்பாவின் லேபிளையும் கையோடு அனுப்ப வேண்டும். டப்பாவில் உள்ள நிற முக்கோணத்தைப் படிக்கத் தெரிந்திருப்பதும் நல்லது. சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை.

இவ்வளவையும் செய்ய ஆள் எங்கே என்ற கேள்விக்கு நம் வட்டாரம் கூச்சமில்லாமல் பதில் சொல்லலாம். கனரக வாகனத் தொழிற்சாலையும் என்ஜின் தொழிற்சாலையும் இருக்கும் ஊர் இது. இந்தியாவின் முதல் விஜயந்தா டாங்கி 1965-ல் ஆவடியிலிருந்து வெளிவந்தது. இன்று அந்தத் தொழிற்சாலைகளை நடத்தும் கவச வாகன நிறுவனத்தின் தலைமையகமும் ஆவடியில்தான் இருக்கிறது. ஹைட்ராலிக் பம்பைக் கழற்றி மாட்டிப் பணி ஓய்வு பெற்றவர்கள் நம் தெருக்களில் வசிக்கிறார்கள். ஒரு சீல் தேய்ந்திருப்பதை ஓசையிலேயே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். சற்றுத் தள்ளி, 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வால்வும் வாஷரும் ரப்பர் பாகமும் செய்யும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. அம்பத்தூரில் அரசு ஐடிஐ இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை மாநகராட்சியின் தெளிப்பு வண்டிகளை ஒரே இடத்தில் நிறுத்தி, ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் வழிகாட்ட, ஐடிஐ மாணவர்கள் கழற்றிப் பார்த்துப் பூட்டினால் மாணவர்களுக்கு அது பாடம், வண்டிக்குப் பராமரிப்பு. மருந்து முழுவதும் அலசிய வண்டிதான் மாணவர் கைக்கு வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

நிர்வாகங்கள் சேர்ந்து வேலை செய்வது நடக்காத காரியம் என்று சொல்பவர்கள் டெல்லியைப் பார்க்கலாம். அங்கே மழைக்காலத்தில் வடக்கு ரயில்வே ஒரு சிறப்பு ரயிலை ஓட்டுகிறது. தட்டையான சரக்குப் பெட்டி மேல் பவர் ஸ்பிரேயர் வண்டியை ஏற்றி, தண்டவாளத்தின் இருபுறமும் தேங்கிய நீரில் கொசுப்புழு மருந்து அடித்துக்கொண்டே போகிறார்கள். ரயிலும் பாதையும் ரயில்வேயுடையவை, மருந்தும் தெளிக்கும் கருவியும் மாநகராட்சியுடையவை. தண்டவாளத்தோரப் பள்ளம் யார் எல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தால் கொசு காத்திருக்காது என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்டதால்தான் அது நடக்கிறது. ரயில் பாதை ஊரைக் கீறிப் போகும் சேக்காட்டுக்கு இந்த ஏற்பாட்டில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. ரயில்வே நிலம், மாநகராட்சித் தெரு, பாதுகாப்புத் துறை வளாகம், தனியார் மனை என்று எல்லைகள் பின்னிக் கிடக்கும் வட்டாரம் இது.

ஆவடி 2019-ல் மாநகராட்சியானது. 48 வார்டுகள், 2022 பிப்ரவரியில் முதல் தேர்தல். அதே ஆண்டு நவம்பர் 1-ம் தேதி, உள்ளாட்சி நாளில், தமிழகத்தின் நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத் தெருவுக்கும் பேச ஒரு மேடை சட்டப்படி கிடைத்திருக்கிறது. சாலை, தெருவிளக்கு, குடிநீர் என்று அங்கே பேசுகிறோம், பேச வேண்டியவைதான். அந்த வரிசையில் தெளிப்பு வண்டிக்கும் ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

நாம் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகம். வண்டியிலேயே தொங்க வேண்டிய புத்தகம். தேதி, மருந்தின் பெயர், ஊற்றிய அளவு, போன தெருக்கள், பில்டர் கழுவியதா, டேங்க் மூன்று முறை அலசியதா, ஒரு நிமிடத்தில் நாசில் தந்த அளவு எவ்வளவு, ஓட்டியவர் சொல்லும் குறை என்ன. எழுதுபவர் ஓட்டுநர், வாரம் ஒருமுறை கையெழுத்திடுபவர் சுகாதார ஆய்வாளர், படிக்கும் உரிமை தெருவில் வசிக்கும் எல்லோருக்கும். எழுதியதற்காக எவரும் தண்டிக்கப்படக் கூடாது. பம்பு கசிகிறது என்று உண்மையை எழுதிய ஓட்டுநருக்கு அடுத்த வாரம் புது பேக்கிங் கிடைத்தால்தான் அதற்கடுத்த வாரமும் உண்மை எழுதப்படும்.

அடுத்த பகுதி சபைக்குச் சேக்காட்டிலிருந்து போகிறவர்கள், கொசு மருந்து எப்போது வரும் என்று கேட்பதோடு அந்த வண்டியின் நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். இதுவரை அப்படி ஒன்று இல்லையென்றால், அன்றைக்கே ஒன்றைத் தொடங்கத் தீர்மானம் போடுங்கள்.